உனக்குப் பதிலாக வேறொருவர் பார்க்கட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு 16 வயது. என் வகுப்பில் சிலர் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். என் போட்டோக்களை எடுத்து மீம் போடுகிறார்கள். என் பல், என் நடை, நான் பேசும் விதம் எல்லாமே அவர்களுக்குக் கிண்டல்தான். வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என்னை ப்ளாக் செய்துவிட்டார்கள், அதனால் வேறு பெயரில் ஒரு கணக்கு தொடங்கி அதில் போய்ப் பார்க்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட எழுந்து பார்க்கிறேன். பார்க்காவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, பார்த்தால் அழுகை வருகிறது. வீட்டில் சொன்னால் முதலில் போனைத்தான் பிடுங்குவார்கள். ஒரு டீச்சரிடம் லேசாகச் சொன்னேன், கண்டுகொள்ளாதே என்றார். எனக்கு அது முடியவில்லை. முன்பு நெருக்கமாக இருந்த தோழி "சாரிடி, என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மெசேஜ் அனுப்பினாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. சில ராத்திரிகளில் நான் இல்லாமலே போய்விட்டால் என்ன என்று தோன்றுகிறது. நான் பலவீனமானவளா அக்கா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன், அதற்கு முந்தைய வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். "நான் இல்லாமலே போய்விட்டால் என்ன" என்று எழுதியிருக்கிறாய். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். இதெல்லாம் எப்படியாவது முடிந்தால் போதும் என்ற களைப்பில் வரும் நினைப்பா அது, இல்லை உயிரை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறதா? எப்படி, எப்போது என்று மனது யோசிக்கத் தொடங்கியிருக்கிறதா? அப்படி என்றால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு, வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போ. தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பு. "எனக்குச் செத்துப்போகணும் போல இருக்கு, என்னைத் தனியா விடாதீங்க" என்று இதே வார்த்தைகளில் சொல். வீட்டில் யாரும் இல்லை என்றால் அவசர உதவி எண்ணைக் கூப்பிடு, அல்லது அருகில் இருக்கும் பெரியவர் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ. களைப்பில் வரும் நினைப்புதான் என்றாலும் அதை இந்த வாரமே ஒரு பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதியது நல்லதுதான், ஆனால் அது போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு நான் உன் அறையில் இருக்கமாட்டேன்.

சரி, இப்போது உன் கேள்வி. நீ பலவீனமானவள் இல்லை. இதை உன்னைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆராய்ச்சியில் பார்த்த விஷயம்.

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர் கம்ப்யூட்டரில் ஒரு பந்து விளையாட்டை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார். மூன்று பேர் திரையில் பந்தைத் தூக்கிப் போட்டு விளையாடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மற்ற இருவரும் தங்களுக்குள் மட்டும் போட்டுக்கொள்வார்கள், மூன்றாவது ஆளுக்குப் பந்தே வராது. அவ்வளவுதான் விளையாட்டு. முகம் தெரியாது, பெயர் தெரியாது, திட்டவில்லை, கிண்டல் இல்லை. ஆனாலும் விடப்பட்ட ஆளின் மனம் சில நிமிடங்களிலேயே சுருங்கிப்போகிறது. பின்னால் நடந்த ஆய்வுகளில், எதிரில் ஆடுவது மனிதர்களே இல்லை, வெறும் கம்ப்யூட்டர்தான் என்று சொல்லிவிட்டு ஆடவைத்தாலும் வலித்தது. தான் அருவருக்கும் ஒரு கும்பல் ஒதுக்கினாலும் வலித்தது! 2010-இல் வந்த இன்னொரு ஆய்வில், இதே விளையாட்டில் ஒதுக்கப்பட்ட பதின்வயதுப் பெண்களின் மனநிலை பெரியவர்களுடையதைவிட அதிகமாகச் சரிந்தது.

இப்போது உன் நிலைமையை இதோடு வைத்துப் பார். முன்பின் தெரியாத இருவர் ஒரு கற்பனைப் பந்தைப் போடாததற்கே மனித மனம் அப்படி ஆகிறது. நீ தினமும் முகம் பார்க்கும் ஒரு வகுப்பே உன்னை விட்டுவிட்டு ஒரு குரூப் வைத்திருக்கிறது, அதற்கு மேல் உன் முகத்தை எடுத்துக் கேலியும் செய்கிறது. வலிக்காமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும். "அவங்க எல்லாம் ஒரு ஆளா, விடு" என்று யாராவது சொன்னால் அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒதுக்கியவர்கள் மதிக்கத் தகுந்தவர்களா இல்லையா என்று மனது முதலில் பார்ப்பதில்லை. ஒதுக்கப்பட்டோம் என்பதுதான் அதற்கு முதலில் எட்டுகிறது.

கண்டுகொள்ளாதே என்ற அறிவுரை எனக்கு எப்போதுமே பிடிக்காது. சொல்பவருக்கு அது சுலபம், விஷயம் அதோடு அவர் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. கேட்பவளுக்கோ ஏற்கெனவே இருக்கும் வலியோடு, கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. அந்த டீச்சர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். நீ லேசாகச் சொன்னாய், அவரும் லேசாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் உன் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அந்த மீம்களைவிட, வேறு பெயரில் நீ தொடங்கியிருக்கும் அந்தக் கணக்குதான். நீ செய்துகொண்டிருப்பது காவல். உன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்தால் தயாராக இருக்கலாம், தெரியாமல் இருந்தால் நாளைக்கு வகுப்பில் மாட்டிக்கொள்வோம் என்று உன் மனது கணக்குப் போடுகிறது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பது இயல்புதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிக்கல் என்னவென்றால் இந்தக் காவலுக்கு முடிவே இல்லை. படபடப்பு வருகிறது, போய்ப் பார்க்கிறாய், புதிதாக எதுவும் இல்லை என்றால் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி. அந்தக் கொஞ்ச நேர நிம்மதிக்காகவே மனது மறுபடி உன்னை அங்கே அனுப்பும். புதிதாக ஏதாவது இருந்தாலோ, "பார், நல்லவேளை பார்த்தோம், இனி அடிக்கடி பார்க்க வேண்டும்" என்று முடிவு செய்துகொள்ளும். இருந்தாலும் பார்க்க வைக்கும், இல்லாவிட்டாலும் பார்க்க வைக்கும். எப்போது என்ன வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் இந்தப் பழக்கத்தை இவ்வளவு இறுக்கமாக்குகிறது. அவர்கள் ஒரு முறை போட்ட மீமை நீ முப்பது முறை பார்க்கிறாய், முப்பது முறையும் உடம்பு அதைப் புது அடியாகத்தான் வாங்கிக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்தால் உலகமே அங்கே கூடிச் சிரிப்பது போலத் தோன்றும். லைக் போட்ட பெயர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பாய். பார்த்துவிட்டு முகம் சுளித்தவர்கள், பிடிக்காமல் நகர்ந்தவர்கள், அடுத்தது நம் முறையோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டவர்கள் எந்த எண்ணிக்கையிலும் வரமாட்டார்கள். உன் தோழியே அப்படி ஒருத்திதானே?

இதனால் "பார்ப்பதை நிறுத்து" என்று சொல்லிவிட்டு நான் போய்விடப்போவதில்லை. அது கண்டுகொள்ளாதே என்பதன் இன்னொரு உருவம்தான். காவலுக்கு ஆளே இல்லை என்றால் உன் மனது அடங்காது. நான் சொல்வது ஆளை மாற்று என்பதுதான். அந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்பதைப் பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடு. அம்மா, அப்பா, அக்கா, அண்ணன், சித்தி, மாமா, பள்ளியில் இருக்கும் கவுன்சிலர், யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும். உன்னைவிடப் பெரியவராக, பார்த்ததும் கொதித்துப்போய் அங்கேயே சண்டை போடாதவராக இருந்தால் போதும். அவர் தினம் ஒரு தடவை பார்ப்பார், தேவையானதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பார், நீ தெரிந்துகொண்டே ஆக வேண்டிய விஷயம் என்றால் மட்டும், அதுவும் பகல் நேரத்தில், உன்னிடம் சொல்வார். மிரட்டலோ, உன் முகவரியோ போன் நம்பரோ வெளியானால் சொல்ல வேண்டும். பல்லைப் பற்றி இன்னொரு மீம் வந்தால் உனக்கு அது தெரிய வேண்டியதில்லை, எடுத்து வைத்தால் போதும். இப்படி ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்த பிறகுதான் அந்தப் போலிக் கணக்கை நீ மூட வேண்டும், அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. முதல் சில நாள் படபடப்பு கூடும், இப்போதே சொல்லிவைக்கிறேன். அப்போது "ஐயோ, எனக்கு மோசமாகிவிட்டது" என்று பயந்துவிடாதே. பார்க்காமல் விட்டால் அந்த அலை தானாகவே ஏறி இறங்கும். அந்த நேரத்தில் அறையில் தனியாகப் படுத்திருக்காமல் எழுந்து போய் யாருடனாவது உட்கார், நட, முகம் கழுவு, என்ன உணர்கிறாய் என்பதைப் பெயர் சொல்லி ஒரு தாளில் எழுது. "கோபம்", "அவமானம்", "பயம்" என்று ஒற்றை வார்த்தையாக எழுதினாலும் சரி. உணர்ச்சிக்கு வார்த்தை கொடுக்கும்போது மூளையின் அபாய மணி கொஞ்சம் தணிகிறது என்று 2007-இல் மேத்யூ லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். ஆனால் பக்கம் பக்கமாக எழுதித் திருப்பித் திருப்பி அதையே படித்துக்கொண்டிருந்தால் அதுவும் இன்னொரு காவல் ஆகிவிடும்.

வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்குவார்கள் என்ற பயம் எனக்கு வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால் அந்தப் பயத்தையே முதலில் எடுத்து வைத்துவிடு. "ஒரு விஷயம் சொல்லணும். முழுசா சொல்லி முடிக்கிறவரைக்கும் கேட்டா போதும், உடனே எதுவும் செய்ய வேண்டாம். போனை வாங்கிடுவீங்கன்னு பயந்துதான் இத்தனை நாள் சொல்லல." இப்படித் தொடங்கினால் பெரும்பாலான பெற்றோர் கையை நீட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நிற்பார்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் எனக்கு எழுதிய கடிதத்தையே காட்டு. சாவு பற்றி வந்த அந்த வரியையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும், அதை மறைக்காதே.

இதை உன் பெற்றோர் படித்தால் அவர்களிடம் நான் நேராகச் சொல்ல வேண்டியது: போனைப் பிடுங்காதீர்கள். மற்றவர்கள் செய்த தப்புக்கு உங்கள் மகள் தண்டனை அனுபவிப்பது போல ஆகும், அவளோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு பேரும் அறுந்துபோவார்கள், அடுத்த தடவை அவள் உங்களிடம் வரமாட்டாள். "நீ ஏன் போட்டோ போட்டே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை அவளே ஏற்கெனவே தன்னிடம் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். எதிர்ப்பக்கப் பெற்றோருக்கு ஆத்திரத்தில் போன் போட்டுக் கத்தாதீர்கள். பள்ளியில் பேசும்போது அவளுக்குத் தெரியாமல் பேசாதீர்கள், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை, கேட்டால்தான் அவளால் இறக்கிவைக்க முடியும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, பள்ளிக்கே போகமாட்டேன் என்றாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது தெரிந்தாலோ, மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ கூட்டிப் போங்கள். இந்தப் பிள்ளையின் கடிதத்தில் இருக்கும் வரிக்கு அதற்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம், இப்போதே ஒருமுறை போய்வாருங்கள்.

பள்ளியில் இனி லேசாகச் சொல்லக் கூடாது. நேரில் பெரியவர் ஒருவர் உன்னோடு வரட்டும், எழுத்தில் ஒரு புகாரும் இருக்கட்டும். பக்கத்தின் பெயர், அதன் இணைப்பு, எந்தத் தேதியில் என்ன வந்தது என்பது தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகள் எல்லாம் அதோடு இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்வதற்கு முன்னாலேயே இவற்றை எடுத்து வைத்துவிடச் சொல், பக்கம் போய்விட்டால் சாட்சியும் போய்விடும். துன்புறுத்தலை வரையறுத்த டேன் ஓல்வியஸ் என்ற உளவியல் ஆய்வாளர் அதில் மூன்று விஷயங்களைப் பார்த்தார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, ஒருவரால் திருப்பி எதிர்க்க முடியாதபடி பலம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது. உன் விஷயத்தில் மூன்றுமே இருக்கின்றன. "பசங்க விளையாட்டு" என்று பள்ளியில் யாராவது சொன்னால் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்கலாம்.

இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் செய்தால் யார் செய்தது என்று எதிராளிக்குச் சொல்லமாட்டார்கள், அந்தப் பயம் வேண்டாம். நீயேதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை, பார்த்துக்கொள்ளும் பெரியவரே செய்யலாம். பக்கத்தையும் ரிப்போர்ட் செய்ய வேண்டும், ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகவும் செய்ய வேண்டும். உன் சொந்தக் கணக்கை பிரைவேட்டில் வை, ஃபாலோயர் பட்டியலில் இருந்து சந்தேகமானவர்களை எடுத்துவிடு. ப்ளாக் செய்தால் வகுப்பில் இன்னும் பிரச்சினை ஆகும் என்று தோன்றும் ஆட்களுக்கு 'ரெஸ்ட்ரிக்ட்' என்ற வசதி இருக்கிறது, அவர்கள் உன் பதிவில் போடும் கமெண்ட், நீ அனுமதித்தால் தவிர, மற்றவர்களுக்குத் தெரியாது, நீ ரெஸ்ட்ரிக்ட் செய்ததும் அவர்களுக்குத் தெரியாது.

உன் விஷயத்தில் இப்படி நடக்கவில்லை, ஆனாலும் மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். யாராவது 18 வயதுக்குக் கீழ் இருந்தபோது எடுத்த ஆடையில்லாத படத்தை வைத்து மிரட்டினாலோ, உங்கள் முகத்தை வைத்து அப்படிப் படம் செய்தாலோ, 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவசச் சேவை இருக்கிறது. அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்காக இயங்கும் தேசிய மையம் நடத்துவது, மற்ற நாடுகளில் இருப்பவர்களும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து உருவாகும் எண் அடையாளம் மட்டும்தான் போகும், அதை வைத்து அதில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். அப்படிப்பட்ட படத்தை "சாட்சிக்காக" என்று யாருக்கும் அனுப்ப மட்டும் வேண்டாம், பல நாடுகளில் அதை அனுப்புவதே குற்றம். மிரட்டினால் பணமோ இன்னொரு படமோ கொடுக்காமல் உடனே பெரியவர்களிடமும் போலீசிடமும் சொல்லுங்கள்.

அப்புறம், பதிலுக்கு நீயும் ஒரு பக்கம் தொடங்கலாம், அவர்களைப் பற்றிப் போடலாம் என்று ஒரு கோபம் வரும். வந்தால் அது நியாயமான கோபம்தான். ஆனாலும் செய்யாதே. இப்போது தெளிவாக இருக்கும் விஷயம் "ரெண்டு பக்கமும்தான் சண்டை போட்டுக்கிறாங்க" என்று ஆகிவிடும், பெரியவர்கள் அதைச் சாக்காக வைத்து ஒதுங்கிக்கொள்வார்கள்.

ராத்திரி போன் உன் அறையில் இருக்க வேண்டாம். பிடுங்கிக்கொள்வது வேறு, நீயே சார்ஜரோடு கூடத்தில் வைத்துவிட்டு வருவது வேறு. எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் போதும். உன் வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்த மூளையில் பயத்தையும் அபாயத்தையும் கவனிக்கும் பகுதி சாதாரணத்தைவிட மிக அதிகமாகத் துடிக்கிறது. பகலில் பார்த்தால் "சீ" என்று கடந்துபோகக்கூடிய ஒரு கமெண்ட் ராத்திரி இரண்டு மணிக்கு உயிரையே உலுக்குவது அதனால்தான். உனக்கு அந்த நினைப்பு வருவதும் ராத்திரியில்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் மனது சொல்லும் எந்த முடிவையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதே.

உன் வாழ்க்கையில் அந்த வகுப்பு அல்லாத ஓர் இடமும் வேண்டும். விளையாட்டு, பாட்டு, நூலகம், உறவுக்காரப் பிள்ளைகள், எதுவாக இருந்தாலும் சரி. உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நீ வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட வலிக்கு, இன்னொரு இடத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவதுபோல உதவும் மருந்து வேறு எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக உன் தோழி. அவள் அனுப்பிய மெசேஜைப் படித்ததும் உனக்குக் கோபம் வந்திருக்கும், வரட்டும். கூட இருந்தவள் ஒதுங்கி நிற்பது தெரியாதவர்கள் கேலி செய்வதைவிட அதிகமாக வலிக்கும். அவளை மன்னிக்க வேண்டுமா என்பதை இப்போது முடிவு செய்யத் தேவையில்லை. ஆனால் "என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அவள் சொன்னதில் பாதி பயம், பாதி அறியாமை. எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சண்டை போடுவது ஒன்றுதான் வழி என்று நினைத்திருப்பாள். அவள் செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன. லைக் போடாமல் இருக்கலாம், அந்தப் பக்கத்தை அமைதியாக ரிப்போர்ட் செய்யலாம், அந்த குரூப்பில் உன்னைப் பற்றி வருவதை எடுத்து உனக்கு அனுப்பாமல் உன் பெரியவரிடம் கொடுக்கலாம், இடைவேளையில் உன் பக்கத்தில் வந்து உட்காரலாம். அதனால் அவளுக்கு இப்படி எழுது: "நீ அவங்களோட சண்டை போட வேண்டாம். நாளைக்கு மதியம் என் பக்கத்துல உட்காரு, அது போதும்." வந்தால் நல்லது. வராவிட்டால் அவளிடம் மறுபடி கேட்க வேண்டாம், அதற்குள் நீ வீட்டில் பேசியிருப்பாய் இல்லையா, அந்த வேலையை முதலில் செய். பேசிய பிறகு என்ன ஆனது என்று எனக்கு ஒரு வரி எழுது.